காண்பனவும் அறிவனவும்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற கல்வி உதவி வழங்கும் நிகழ்ச்சியில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

ஆண்டுதோறும் இந்நிகழ்ச்சியில் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பொதுவாகப் பேசுவது நம் வழக்கம். இவ்வாண்டு பொதுவாகப் பேசாமல் ஒரே ஒரு பாடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறோம். அது வேதியியல். மிம்பரில் நிற்பவருக்கும் வேதியியலுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் வியக்கக்கூடும். நாம் மதரஸாவில் ஓதியவர்கள். சோதனைக் குழாயைக் கையில் பிடித்தவர்கள் அல்லர். ஆயினும் இப்பாடத்தைப் பற்றி நாம் பேசியாக வேண்டிய ஒரு நிலை இவ்வாண்டு ஏற்பட்டது.

குழுவில் எழுந்த கேள்வி

இவ்வாண்டு நம் பைத்துல் மாலிலிருந்து உதவி பெறுவோருள் ஒரு மாணவர், கேம்பிரிட்ஜ் ஐ.ஜி.சி.எஸ்.இ. எனப்படும் பன்னாட்டுத் தேர்வை எழுதவிருக்கிறார். நிர்வாகக் குழுவில் இதுபற்றி ஒரு கேள்வி எழுந்தது. "மாநிலப் பாடத்திட்டத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கே நம் நிதி போதவில்லை. சீமையில் தயாராகும் கேள்வித்தாளுக்கு நாம் ஏன் கட்டணம் கட்ட வேண்டும்?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்கு மறைவின்றிப் பதில் கூறுவது நம் கடமை.

அம்மாணவரின் தகப்பனார் பல ஆண்டுகள் வளைகுடா நாடொன்றில் உழைத்தவர். பிள்ளை அங்கே பிரிட்டிஷ் பாடத்திட்டப் பள்ளியில் படித்தார். வேலை போய்க் குடும்பம் ஊர் திரும்பியபோது, பிள்ளை படிப்பின் நடுவழியில் நின்றார். பாடத்திட்டத்தை மாற்றினால் ஓராண்டு வீணாகும் நிலை. ஆகவே குழு ஒரு முடிவு செய்தது. ஜகாத் நிதியைத் தொடாமல், பொது நன்கொடையிலிருந்து வட்டியில்லா அழகிய கடனாகத் தேர்வுக் கட்டணத்தை வழங்குவது. அதற்கு நன்றியாக அம்மாணவர் ஞாயிறுதோறும் அஸருக்குப் பின் நம் மக்தப் கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக் கொடுப்பது. இன்று அவ்வகுப்பு நடந்து வருகிறது. அல்ஹம்துலில்லாஹ்.

அத்தேர்வு எத்தகையது?

ஊர் திரும்பும் குடும்பங்கள் பெருகிவரும் இக்காலத்தில், பெற்றோர் இத்தேர்வைப் பற்றிச் சிறிது அறிந்திருப்பது நலம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு 1858ஆம் ஆண்டு தோன்றியது. ஐ.ஜி.சி.எஸ்.இ. தேர்வு 1988 முதல் நடைபெறுகிறது. வேதியியலில் பன்னிரண்டு தலைப்புகள் உள்ளன. பருப்பொருளின் நிலைகளில் தொடங்கி, அணு, மோல் கணக்கு, மின்வேதியியல், அமிலமும் காரமும், உலோகங்கள், சுற்றுச்சூழல் வேதியியல், கரிம வேதியியல் எனச் சென்று சோதனை முறைகளில் முடிகிறது.

ஒரு மாணவர் மூன்று தாள்கள் எழுத வேண்டும். முதலாவது 40 மதிப்பெண்களுக்குச் சரியான விடையைத் தெரிவு செய்யும் தாள். இரண்டாவது 80 மதிப்பெண்களுக்குரிய எழுத்துத் தாள். மூன்றாவது 40 மதிப்பெண்களுக்குரிய செய்முறைத் தாள். மொத்த மதிப்பீட்டில் இவற்றின் பங்கு முறையே 30, 50, 20 விழுக்காடு. செய்முறையை ஆய்வுக்கூடத்திலும் செய்யலாம். அதற்கு மாற்றாக அமைந்த எழுத்துத் தாளாகவும் எழுதலாம்.

பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இத்தேர்வில் அடிப்படைப் பிரிவு, விரிவுப் பிரிவு என இரண்டு உள்ளன. அடிப்படைப் பிரிவில் எழுதும் பிள்ளை எவ்வளவு நன்றாக எழுதினாலும் 'சி' தரத்திற்கு மேல் பெற இயலாது. மேற்கொண்டு அறிவியல் படிக்க விரும்பும் பிள்ளை எந்தப் பிரிவில் பதிவு செய்யப்பட்டுள்ளார் என்பதைக் கட்டணம் கட்டும் முன்பே பள்ளியில் கேட்டறிய வேண்டும். இங்குள்ள பதினோராம் வகுப்பில் சேர்க்க எண்ணுவோர், இணைச் சான்றிதழுக்கு எத்தனை பாடங்களில் எந்தத் தரம் தேவை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ள வேண்டும். முடிவு வந்த பிறகு அலைவதில் பயனில்லை.

இஷாவுக்குப் பின் ஓர் உரையாடல்

ஒரு நாள் இஷாத் தொழுகை முடிந்ததும் அம்மாணவர் மாதிரித் தேர்வின் விடைத்தாள் ஒன்றோடு நம்மிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"ஹஸ்ரத், சரியான விடையை எழுதியும் மதிப்பெண் கிடைக்கவில்லை" என்றார்.

"என்ன கேள்வி, தம்பி?"

"ஓர் உப்போடு சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சேர்த்துச் சூடாக்கும்போது என்ன காண்கிறாய் என்று கேட்டிருந்தார்கள். அம்மோனியா வாயு வெளியேறியது என்று எழுதினேன். வெளியேறியது அம்மோனியாதான், ஹஸ்ரத். ஆனாலும் ஆசிரியர் அடித்துவிட்டார்."

"அவர் என்ன எழுதச் சொல்கிறார்?"

"ஈரமான சிவப்பு லிட்மஸ் தாள் நீலமாக மாறியது என்று எழுத வேண்டுமாம். அம்மோனியா என்பது நான் கண்டதல்லவாம்; கண்டதிலிருந்து நான் அறிந்துகொண்டதாம்."

நாம் சற்று நேரம் பேசாமல் இருந்தோம். அந்த ஆசிரியர் யார் என்று நமக்குத் தெரியாது. ஆனால் அவர் கூறியது நாம் மதரஸாவில் நம் உஸ்தாதுகளிடம் ஓதிய பாடமாகவே இருந்தது.

பெரியோர்களே! ரமளான் பிறை பார்த்ததாக ஒருவர் சாட்சி சொல்ல வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? எந்தத் திசையில் பார்த்தீர்? எந்நேரம் பார்த்தீர்? எவ்வடிவில் இருந்தது? உம் கண்ணால் பார்த்தீரா, பிறர் சொல்லக் கேட்டீரா? "இன்று மேகமில்லை, ஆகவே பிறை தெரிந்திருக்கும்" என்று ஒருவர் கூறினால் அதைச் சாட்சியமாக ஏற்போமா? அவர் கூற்று உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் அது அவர் கண்டதன்று, அவர் கருதியது. ஹதீஸ் கலையின் இமாம்களும் இவ்வளவு நுட்பமாகவே பார்த்தார்கள். ஓர் அறிவிப்பாளர் "எமக்கு அறிவித்தார்" என்று கூறுவதற்கும், "அவரிடமிருந்து" என்று மட்டும் கூறுவதற்கும் இடையே வேறுபாடு கண்டார்கள். நேரில் கேட்டாரா என்பதை மறைக்கும் பழக்கமுடையவர் "அவரிடமிருந்து" என்று சொன்னால், ஆராயாமல் ஏற்க மறுத்தார்கள்.

நம் மாநிலப் பிள்ளைகளின் செய்முறை ஏட்டில் கட்டங்கள் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றில் செய்முறை, அடுத்ததில் காண்பன, அதற்கடுத்ததில் அறிவன. எவ்வளவு அழகிய சொற்கள்! காண்பதை அறிவதன் கட்டத்திலும், அறிவதைக் காண்பதன் கட்டத்திலும் எழுதக் கூடாது. கேம்பிரிட்ஜ் தேர்வானாலும் நம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வானாலும் இந்த ஒழுங்கு ஒன்றே.

அம்மாணவர் மேலும் ஒன்று கூறினார். நிறமற்ற கரைசலைத் 'தெளிவான கரைசல்' என்று எழுதினாலும் மதிப்பெண் இல்லையாம். காப்பர் சல்பேட் கரைசல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நீலம். தெளிவு என்பது வேறு, நிறமின்மை என்பது வேறு. சொல்லில் இத்தனை பேணுதலைக் கோரும் ஒரு பாடத்தை மார்க்கத்திற்குப் புறம்பானது என்று எவர் கூற இயலும்?

ஹவுழின் சிவப்புக் கறை

இந்தப் பேணுதல் நம் ஜமாஅத்தை ஒரு பெரும் தவறிலிருந்து காத்தது. அதை இங்கே வெளிப்படையாகக் கூறுகிறோம்.

நம் பள்ளிவாசலின் ஆழ்துளைக் கிணற்று நீர் நிரம்பும் ஹவுழின் சுவரில் சில காலமாகச் செங்கறை படிந்து வந்ததை அனைவரும் அறிவீர்கள். நீரின் சுவையும் மாறியது. நாம் வாழ்வது தொழிற்பேட்டையின் நிழலில். ஆகவே ஊரில் பேச்சு உடனே ஒரு பக்கம் சாய்ந்தது. அருகிலுள்ள தொழிற்சாலை ஒன்றின் கழிவு நம் கிணற்றில் கலந்துவிட்டது என்று உறுதியாகக் கூறி ஒரு மனுவும் தயாராயிற்று. அதில் முதல் கையொப்பம் இமாமுடையதாக இருக்க வேண்டும் என்று இளைஞர்கள் நம்மிடம் கொண்டு வந்தார்கள். உண்மையைக் கூறுகிறோம்: நாமும் பேனாவை எடுத்துவிட்டோம். அப்போது லிட்மஸ் தாளின் நினைவு வந்தது. கழிவு கலந்ததை நாம் கண்டோமா? அல்லது அறிந்தோமா? அல்லது வெறுமனே கருதினோமா? கையை நிறுத்தினோம்.

அம்மாணவரிடம் அந்நீரைக் கொடுத்தோம். அவர் தம் பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் சோதித்து, ஒரு தாளில் கட்டங்கள் இட்டு எழுதிக் கொண்டு வந்தார். நீர் இறைத்தவுடன் நிறமற்றதாக இருந்தது. ஓர் இரவு திறந்து வைத்தபின் செம்பழுப்பு நிறப் படிவு அடியில் தங்கியது. அப்படிவை வடிகட்டி எடுத்து நீர்த்த அமிலத்தில் கரைத்துச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது செம்பழுப்பு வீழ்படிவு தோன்றியது. மிகுதியாகச் சேர்த்தும் அது கரையவில்லை. வடிகட்டிய நீரில் நீர்த்த நைட்ரிக் அமிலமும் சில்வர் நைட்ரேட்டும் சேர்த்தபோது வெண்ணிற வீழ்படிவு தோன்றியது. இவை காண்பன.

அறிவன என்ற கட்டத்தில் அவர் எழுதியவை இரண்டே வரிகள்: படிவில் இரும்பு உள்ளது, நீரில் குளோரைடு உள்ளது. தொழிற்சாலை என்ற சொல்லே அதில் இல்லை.

"எங்கிருந்து வந்தது, தம்பி?" என்று கேட்டோம்.

"அதை இந்தச் சோதனை சொல்லாது, ஹஸ்ரத். இரும்பு மண்ணிலிருந்தும் வரலாம், துருப்பிடித்த குழாயிலிருந்தும் வரலாம், கழிவிலிருந்தும் வரலாம்" என்றார்.

குளோரைடுக்கும் நம் பகுதியில் வேறொரு பழங்கதை உண்டு. மீஞ்சூர்ப் பகுதியில் பல பத்தாண்டுகளாக நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்து கிணறுகள் உப்பாகிப் போனதை நம் பெரியோர் அறிவர்.

ஆகவே மனுவைக் கிழித்து வேறு எழுதினோம். "இன்னாருடைய கழிவு" என்ற வாசகம் போயிற்று. "நாங்கள் கண்டவை இவை; காரணத்தை அரசு ஆராய்ந்து கூற வேண்டும்" என்ற வாசகம் வந்தது. அந்நீரை அரசு நீர் ஆய்வுக்கூடத்திற்கும் அனுப்பினோம். இரும்பும் கரைந்த உப்பும் மிகுதி என்று அறிக்கை வந்தது. காரணம் யாது என்று அதுவும் கூறவில்லை. அவ்வறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. காரணத்தை அறியும் முயற்சியை நிர்வாகம் கைவிடவில்லை, கைவிடவும் கூடாது. நம் பயத்தில் நியாயம் இருக்கலாம். ஆனால் ஆதாரமின்றி ஒருவர் மீது பழி சுமத்தியிருந்தால், நாளை உண்மையாகவே ஒரு கேடு நிகழும்போது நம் சொல்லை எவர் மதிப்பார்? நாம் அறியாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் திருமறையின் பதினேழாம் அத்தியாயம் எச்சரிப்பதை மறந்தவர்களாக மறுமையில் நின்றிருப்போம்.

சிலர் ஒளூவைப் பற்றிக் கேட்டார்கள். தான் தங்கிய நிலத்தின் பொருளால் நிறம் மாறிய நீர் தூய்மை செய்யும் தன்மையை இழப்பதில்லை என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. அதற்குப் பதில் கூற நமக்கு உரிமை உண்டு. அந்நீர் குடிக்கத் தக்கதா என்பது வேறு கேள்வி. அதற்குப் பதில் கூற வேண்டியது ஆய்வுக்கூடம். ஈயம் போன்ற நஞ்சு நீரில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது, நாவுக்கும் தெரியாது. நிறமற்ற நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணிவிட வேண்டாம்.

நாம் வாழும் இடம்

சிப்காட் நிறுவனம் 1971ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அது அமைத்த கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையிலும் அதைச் சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள், இரசாயன ஆலைகள், உலோக மறுசுழற்சிக் கூடங்கள் எனப் பலவும் உள்ளன. நச்சுக் கழிவுகளைப் பாதுகாப்பாகப் புதைப்பதற்கான பொது நிலையமும் இங்கேயே உள்ளது. மேற்கே தேர்வாய்கண்டிகையில் டயர் ஆலை இயங்குகிறது. தெற்கே எண்ணூரிலும் மணலியிலும் அனல் மின்நிலையம், உர ஆலை, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை என வரிசையாக நிற்கின்றன. இவற்றைத் தூற்றுவதற்காக நாம் இதைக் கூறவில்லை. நம் வீடுகளில் அடுப்பு எரிவது பெரும்பாலும் இவ்வாலைகளின் கூலியால்தான். அது ஹலாலான உழைப்பு. ஆனால் வேதியியலின் நடுவே வாழ்ந்துகொண்டு வேதியியலை அறியாதிருப்பது, கடலோரத்தில் குடியிருந்துகொண்டு நீச்சல் அறியாதிருப்பது போன்றது.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவையொட்டி, எண்ணூர்க் கடலில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் முதலிய மீனவக் குடியிருப்புகளில் மக்கள் மூச்சுத் திணறி, கண் எரிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். பலர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டார்கள். அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும் என்பது பள்ளிப் பாடம். தண்ணீரில் நனைத்த துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே விலகிச் செல்ல வேண்டும் என்பது அப்பாடத்தின் பயன். 1984ஆம் ஆண்டு டிசம்பரில் போபாலில், வெளியேறிய வாயு யாது என்பதே முதல் மணிநேரங்களில் மருத்துவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. அறியாமையும் அங்கே உயிர்களைப் பறித்தது.

ஆபத்து ஆலையிலிருந்து மட்டும் வருவதில்லை. கழிப்பறையைத் துலக்க பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் ஒன்றாகக் கலப்போர் நம்மிடையே உள்ளனர். அவை சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அது நுரையீரலைத் தாக்கும் நஞ்சு. நம் பள்ளிவாசலிலும் அவ்வாறு கலக்கக் கூடாது என்று மோதினாரிடம் கூறியுள்ளோம். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுக்கும் வேலை செய்யும் சகோதரர்களுக்கு ஒரு சொல்: வேலை உடையோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்காதீர்கள். அத்தூசு குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஈயத்திற்குப் பாதுகாப்பான அளவு என்று அறியப்பட்ட ஒன்றும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. குளித்து, உடை மாற்றி, பிறகு பிள்ளையை அணைத்துக்கொள்ளுங்கள்.

சுர்மாவும் காடியும்

வேதியியல் நமக்கு அந்நியக் கலை அன்று. கூஃபாவில் வாழ்ந்தவராகக் கூறப்படும் ஜாபிர் இப்னு ஹய்யான், மருத்துவ மேதை ராஸி ஆகியோரின் பெயர்களை நம் மேடைகளில் அடிக்கடி கேட்கிறோம். கெமிஸ்ட்ரி என்ற சொல்லே 'அல்கீமியா' என்ற அரபுச் சொல்லின் வழி ஐரோப்பாவுக்குச் சென்றது. காரத்தைக் குறிக்கும் 'அல்கலி' என்பது செடிச் சாம்பலைக் குறிக்கும் அரபுச் சொல். ஆல்கஹால் என்பது 'அல்குஹ்ல்', அதாவது நாம் கண்ணில் இடும் சுர்மா! நுண்ணிய பொடியைக் குறித்த சொல், பிற்காலத்தில் ஐரோப்பியர் வழக்கில் சாராயத்தின் பெயராயிற்று.

இதைக் கேட்டுப் பெருமை கொள்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அந்தச் சுர்மாவிற்குள் இன்று என்ன இருக்கிறது என்று கேட்டோமா? கண்ணுக்கு இடுவது நபிவழி. நூல்கள் குறிப்பிடுவது இஸ்மித் கல்லை. ஆனால் கடைத்தெருவில் விற்கும் சுர்மாக்களில் பலவற்றில் ஈய சல்பைடு இருப்பது ஆய்வுகளில் கண்டறியப்பட்டுள்ளது. கைக்குழந்தையின் கண்ணில் அதை இடுவது பரக்கத் அன்று, தீங்கு. ராஸியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவதைவிட, ராஸியைப் போல் பொருளைச் சோதித்துப் பார்ப்பதே அவருக்கு நாம் செய்யும் மரியாதை.

மற்றொரு பெரியவர் கேட்டார்: "அப்பாடத்தில் சாராயம் காய்ச்சும் முறை வருகிறதாமே?" ஆம், வருகிறது. சர்க்கரைக் கரைசல் ஈஸ்ட்டால் நொதித்து எத்தனால் ஆவது அதில் உண்டு. அறிவது வேறு, அருந்துவது வேறு. நாம் ஓதிய ஃபிக்ஹு நூல்களின் தூய்மை பற்றிய பாடத்தில், மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையாகிவிடும் என்று ஓதுகிறோம். அது ஏன் மாறுகிறது? எத்தனால் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு நுண்ணுயிரிகளின் துணையால் வினைபுரிந்து எத்தனாயிக் அமிலமாகிறது. பெயர் மட்டும் மாறவில்லை, பொருளே மாறிவிட்டது. நம் இமாம்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் விதித்த சட்டத்தின் காரணத்தை அம்மாணவர் ஒரு சமன்பாட்டில் எழுதிக் காட்டியபோது, நாம் ஓதியதையே புதிதாக ஓதியது போலிருந்தது.

மாணவர்களுக்கும் ஜமாஅத்துக்கும்

மாணவச் செல்வங்களே! இப்பாடத்தை மனனம் செய்து வென்றுவிடலாம் என்று எண்ணாதீர்கள். தனிம அட்டவணையை அவர்களே வினாத்தாளில் அச்சிட்டுத் தருகிறார்கள். அதை மனனம் செய்தவரை அவர்கள் தேடவில்லை, பயன்படுத்தத் தெரிந்தவரைத் தேடுகிறார்கள். மோல் கணக்கில் விடையை மட்டும் எழுதாமல் வழியையும் எழுதுங்கள், அலகை விட்டுவிடாதீர்கள். முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் மதிப்பெண் வழங்கும் முறையும் தேர்வாளர் அறிக்கைகளும் கிடைக்கின்றன. எங்கே மதிப்பெண் போகிறது என்பதைத் தேர்வாளரே அதில் எழுதியிருக்கிறார். சோதனைகளை வீட்டில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். ஆசிரியர் முன்னிலையில் மட்டும் செய்யுங்கள்.

பெற்றோர்களே! பெண் பிள்ளை பத்தாம் வகுப்பில் அறிவியலில் நன்றாகப் படித்தும் மேல்நிலையில் அப்பிரிவை மறுக்காதீர்கள். மருந்தகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் மருத்துவமனையிலும் நம் பெண்மக்களுக்கு ஒரு பெண் தேவைப்படும்போது மட்டும் தேடினால் எங்கிருந்து கிடைப்பார்?

ஜமாஅத் பெருமக்களே! மருத்துவமும் கணிதமும் சமுதாயத்தின் மீது பர்ளு கிஃபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தம் இஹ்யாவில் விளக்கினார்கள். ஒருவரேனும் அதைக் கற்காவிட்டால் ஊரே குற்றவாளியாகும். தொழிற்பேட்டையை ஒட்டி வாழும் நம் ஊருக்கு, நீரையும் காற்றையும் அறிந்த சிலர் இருப்பது அத்தகைய கடமை என்றே நாம் கருதுகிறோம். ஆகவே மூன்று வேண்டுகோள்கள். மக்தப் கூடத்தை மஃரிபுக்குப் பின் எல்லாப் பாடத்திட்ட மாணவருக்கும் படிப்பகமாகத் திறந்து விடுங்கள். ஒரு கரும்பலகையும் நல்ல விளக்கும் போதும். ஆண்டுக்கு இருமுறை பள்ளிவாசல் நீரை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவு எதுவாயினும் பலகையில் ஒட்டுங்கள். ஆலைகளில் பணிபுரியும் நம் சகோதரர்கள், ஆபத்து நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று தாம் கற்ற பயிற்சியை ஆண்டுக்கொரு முறை இம்மஹல்லாவுக்குச் சொல்லித் தாருங்கள்.

குழுவில் கேள்வி எழுப்பிய பெரியவர் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் கேட்டதால்தான் கணக்கைத் தெளிவாகச் சொல்ல முடிந்தது. நாம் கொடுத்தது ஒரு பிள்ளையின் தேர்வுக் கட்டணம், அதுவும் கடனாக. அப்பிள்ளையோ நம் ஜமாஅத்தின் கையொப்பத்தைப் பொய்யிலிருந்து காத்துத் தந்துவிட்டார். கடன் யார் யாருக்குப் பட்டிருக்கிறோம் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அருள்வாயாக! கண்டதைக் கண்டவாறு உரைக்கும் நாவையும், அறியாததை அறியோம் என்று ஒப்பும் உள்ளத்தையும் எங்களுக்குத் தருவாயாக! ஆலைகளில் உழைக்கும் எங்கள் சகோதரர்களையும் அவர்களின் குடும்பங்களையும் எல்லா ஆபத்துகளிலிருந்தும் பாதுகாப்பாயாக! எங்கள் நீரையும் நிலத்தையும் காற்றையும் தூய்மையாக்கித் தருவாயாக! தேர்வு எழுதும் மாணவ மாணவியர் அனைவருக்கும் வெற்றியை வழங்குவாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.